வினைமுகவிகளின் கூட்டியக்கம்

கணினி ஆற்ற வேண்டிய செயல்களை அதற்கு விளங்கும் மொழியில் முறைப்பட எழுதிய ஏவல்தொகுதி நிரல் எனப்படும். பல நிரல்கள் ஒன்றற்கொன்று துணையாகி ஒரு பயனை நிறைவேற்றும்போது அத்தொகுதி மென்பொருள் என்று பெயர்பெறும். பெருந்திரளான உரையைக் கற்று, தரப்பட்ட தொடரை அடுத்து வரத்தக்க சொற்கூறு இன்னதெனக் கணித்து, அக்கணிப்பை இடையறாது தொடர்வதன் வழியே உரையும் நிரலும் ஆக்கவல்ல அமைப்பு பெருமொழி மாதிரி ஆகும். இம்மாதிரி தனித்து நிற்கும்வரை கேட்டதற்கு விடை தருமேயன்றிச் செயல் எதுவும் செய்யாது. கோப்பைத் திறக்கவும் திருத்தவும் நிரலை இயக்கிப் பார்க்கவும் வேண்டிய கருவிகளை அதற்கு அளித்து, செய்ததன் விளைவை அதற்கே மீளக் காட்டி, குறித்த பயன் கைகூடும்வரை எண்ணல், செய்தல், விளைவு காணல் என்னும் சுழற்சியில் அதனை இயங்கவிட்டால், அப்போது அது வினைமுகவி ஆகிறது. முகவர் என்றே பலரும் எழுதுகின்றனர். உயிரில் பொருளுக்கு உயர்திணை ஈறு பொருந்தாமையால், தொகுப்பி, இயக்கி என்பவற்றோடு ஒப்ப இங்கு முகவி எனக் கொண்டோம்.

ஒரு முகவியே போதாதா, பல எதற்கு என்னும் வினாவுக்கு மூன்று விடைகள் உள. ஒரு மாதிரி ஒரே பொழுதில் தன் நோக்கில் தாங்கத்தக்க சொற்கூறுகளுக்கு ஓர் அளவுண்டு. அதனைச் சூழலெல்லை என்போம். பெரிய மென்பொருளின் நிரல்வரிகள் அனைத்தும் அவ்வெல்லைக்குள் அடங்குவதில்லை. அடங்கினும், எல்லை நிரம்ப நிரம்ப, முன்னே படித்த இன்றியமையாத செய்தி பின்னே வந்து குவிந்த சிறுசெய்திகளுக்கிடையே மங்கிவிடுகிறது. ஆதலின், ஒவ்வொரு முகவிக்கும் ஒவ்வொரு சிறுபகுதியைத் தந்து, அதன் நோக்கைத் தூயதாக வைத்திருப்பது முதற்பயன். செய்தவரே தம் செயலை ஆராய்ந்தால் பிழை கண்ணிற் படாமை மாந்தர்க்கும் உள்ள குறை; ஆக்கிய முகவியின் எண்ணவோட்டத்தைக் காணாது ஆக்கத்தை மட்டும் காணும் மற்றொரு முகவி அக்குறையை ஓரளவு போக்கும் என்பது இரண்டாவது. பொழுது சுருங்கும் என்பது மூன்றாவது. இதனையே பலரும் முதலிற் கூறுவர். ஆயினும் மூன்றனுள் வலுக்குறைந்தது இதுவே.

பல முகவிகள் ஒரு பயன் நோக்கி ஒருங்கே இயங்குவது கூட்டியக்கம். முகவிகளுக்கிடையே செய்தி எவ்வழிச் செல்கிறது என்பதைக் கொண்டு அதனை வகுத்தல் தகும். தலைமுகவி ஒன்று பணியைப் பகுத்துத் துணைமுகவிகளுக்கு ஈந்து, அவை கொணர்வதைத் தொகுப்பது தலைமைவகை. ஒன்று முடித்ததை மற்றொன்று பெற்று மேற்செல்வது வரிசைவகை. 2023-இல் வெளிவந்த சாட்டெவ் என்னும் அமைப்பு இவ்வகையினது. அதில் முகவிகளுக்கு நிறுவனத் தலைவர், நுட்பத் தலைவர், நிரலர், தேர்வாளர் என்று பொறுப்புப் பெயர்களே சூட்டப்பட்டன. இத்தகைய பெயர்சூட்டு பார்ப்பதற்கு இனிய கூத்து. ஆனால் ஒரு முகவியைத் தலைவர் என்று அழைப்பதால் அதற்கு முன்னில்லாத அறிவு வந்து சேர்வதில்லை. எதனை அது காணலாம், எதனைத் திருத்தலாம், எதனைக் கொண்டு அதன் பணி முடிந்ததென அறியலாம் என்னும் மூன்றுமே அதன் பொறுப்பை வரையறுப்பன.

மூன்றாவது வகை ஒப்பந்தவகை. பெருமொழி மாதிரி தோன்றுவதற்கு மிக முன்னரே, 1980-இல், இரீடு சிமித் என்பார் ஒப்பந்தவலை நெறிமுறையை வெளியிட்டார். நம் அரசுத் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும் முறையே அதன் உள்ளமைப்பு: பணியுடைய கணு, அதாவது வலையிலுள்ள கணினி ஒன்று, பணியை அறிவிக்கும், செய்யவல்ல கணுக்கள் தத்தம் தகுதியைக் கூறிப் புள்ளி அனுப்பும், அவற்றுட் சிறந்ததற்குப் பணி ஒப்படைக்கப்படும். ஒப்படைப்புப் பெற்ற கணு அப்பணியை மேலும் பகுத்துத் தானே அறிவிக்கும் கணு ஆகவும் கூடும்.

நான்காவதாகிய கரும்பலகைவகையே இவற்றுள் ஆழமுடையது. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான இயர்சே-2 என்னும் பேச்சறி அமைப்பு, ஏறத்தாழ 1,000 சொற்களைக் கொண்ட சொற்றொகுதிக்குள் அமைந்த பேச்சை விளங்கிக்கொள்ள முயன்றது. அங்குப் பேச்சாய்வை வழிநடத்தியவர்களுள் ஒருவர் இராசு ரெட்டி. சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, பின்னர் 1994-இல் கணினித் துறைக்குரிய தூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர். இயர்சே-2 அமைப்பில் பேச்சின் ஒலிக்கூறை அறியும் நிரல் வேறு, சொல்லை அறியும் நிரல் வேறு, தொடரமைப்பை அறியும் நிரல் வேறு. இவற்றுள் எதுவும் மற்றொன்றை நேரே அழைப்பதில்லை. யாவும் ஒரு பொதுப்பலகையை நோக்கியிருக்கும். தான் உய்த்துணர்ந்ததை ஒவ்வொன்றும் அங்கு எழுதும். பிறிதொன்று எழுதியதைக் கண்டு தன் கருத்தை வலுப்படுத்தும், அல்லது கைவிடும். ஒன்றையொன்று அறியாத பல அறிவுகள் ஒரு பொருளை நடுவில் வைத்து ஒன்றுபடலாம் என்னும் இக்கோட்பாடு, அரை நூற்றாண்டு கழித்து, இன்றைய முகவிகளின் பணியிடத்தில் மீண்டும் தலையெடுத்திருக்கிறது.

இனி, இவ்வகைகள் அனைத்தையும் ஆளும் இரு நெறிகளைக் காண்போம். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎசு/360 இயங்குதள ஆக்கத்தை வழிநடத்திய பிரெடெரிக் புரூக்சு, காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் மேலும் ஆள்சேர்த்தால் அது மேலும் தாழும் என்று 1975-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். நால்வர் ஒருவரோடொருவர் பேச 6 வழிகள். பதினாறுபேர் பேச 120 வழிகள். ஆள் நான்கு மடங்காகப் பெருகும்போது பேச்சுவழி இருபது மடங்காகப் பெருகுகிறது. முகவிகளுக்குக் களைப்பில்லை, கூட்டம் நடத்த அறை வேண்டா என்று கூறி இந்நெறியை ஒதுக்கிவிட இயலாது. மாந்தர் கூட்டத்தில் வீணாவது நேரம். முகவிகளின் கூட்டத்தில் வீணாவது சூழலெல்லை. ஒவ்வொரு முகவியும் மற்ற யாவும் கூறுவதைப் படிக்கத் தொடங்கினால், எப்பயனுக்காக நோக்கைப் பகுத்தோமோ அப்பயனே அழிந்துபோம்.

மற்றது பகுப்புநெறி. டேவிட் பார்னசு 1972-இல் எழுதிய கட்டுரையில், ஒரே சிறு மென்பொருளை இருவகையாகப் பகுத்துக் காட்டினார். செயல்கள் நிகழும் வரிசைப்படி, முதலிற் படித்தல், பின்னர் மாற்றல், அதன்பின் வரிசைப்படுத்தல் என வெட்டுவது ஒன்று. பின்னர் மாறக்கூடிய ஒவ்வொரு வடிவமைப்பு முடிவையும் ஒவ்வொரு கூற்றினுள் மறைத்து, வெளியே சிறு இடைமுகத்தை மட்டும் காட்டுவது மற்றொன்று. முன்னதில் ஒரு முடிவு மாறினால் பல கூறுகளும் மாற வேண்டிவரும். பின்னதில் ஒன்று மட்டும் மாறும். மாந்தர்க்காக எழுதப்பட்ட இந்நெறி முகவிகளுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துகிறது. அருகிலுள்ள தோழரிடம் தலைதூக்கி ஒரு சொல் கேட்டுக்கொள்ளும் வழக்கம் முகவிக்கு இல்லை. எழுதித் தராதது எதுவும் அதற்கு இல்லாததே. இடைமுகம் எழுத்தில் இறுகாத இடத்தில், இரு முகவிகள் இருவேறு எண்ணத்தோடு ஒரே சுவரின் இருபுறத்தைக் கட்டும்.

இந்நெறிகள் செயற்பட்ட விதத்தை ஒரு நிகழ்வில் அணுகிக் காணலாம். மாந்தர் எழுதும் நிரல்மொழியைப் பொறி ஏற்கும் மொழியாக மாற்றித் தருவது நிரல்தொகுப்பி. 2026 பிப்ரவரியில், ஆந்திரோப்பிக் நிறுவனத்தின் ஆய்வர் நிக்கோலசு கார்லினி, சி மொழிக்குரிய நிரல்தொகுப்பி ஒன்றைக் அந்நிறுவனத்தின் கிளாடு என்னும் பெருமொழி மாதிரியின் 16 முகவிகளைக் கொண்டு ஆக்கிய முறையை வெளியிட்டார். ஏறத்தாழ 2,000 அமர்வுகளில், ஏறத்தாழ 20,000 டாலர் செலவில், இரசுட்டு மொழியில் ஒரு நூறாயிரம் வரி அளவில் அத்தொகுப்பி உருவானது. இலினக்சு இயங்குதளத்தின் உட்கருவாகிய கருவகத்தின் 6.9 பதிப்பை மூவகைப் பொறிகளுக்கு அது தொகுத்துத் தந்தது. இணையத் தொடர்பு முகவிகளுக்கு அளிக்கப்படவில்லை.

இங்குத் தலைமுகவி இல்லை என்பதே முதலிற் கருதத்தக்கது. ஒவ்வொரு முகவியும் தனியறை போன்ற தனிக் கணிச்சூழலில் இயங்கும். நடுவில் பொதுக் களஞ்சியம் ஒன்றிருக்கும். ஒரு பணியை எடுக்க விரும்பும் முகவி, நடப்புப் பணிகளுக்கென வகுத்த கோப்புறையில் அப்பணியின் பெயரால் சிறு உரைக்கோப்பு ஒன்றை எழுதி வைக்கும், அதுவே பூட்டு. இரண்டு முகவிகள் ஒரே பணியை நாடினால், களஞ்சியத்தைக் காக்கும் கிட் என்னும் பதிப்புக்காப்பு அமைப்பு பின்வந்ததை ஏற்க மறுக்கும். அது வேறு பணியை நாடிச் செல்லும். பணி முடிந்ததும், பிறர் இடையில் செய்த மாற்றங்களைத் தன் படியோடு இணைத்து, களஞ்சியத்தில் சேர்த்து, பூட்டை நீக்கும். 120 பேச்சுவழிகளும் இவ்வாறு ஒரு கோப்புறையைப் படிக்கும் 16 வழிகளாகச் சுருங்கின. கரும்பலகை என்று முன்னர்ச் சொன்னது இதுவே.

தேர்வுமுறையிலும் நுணுக்கம் இருந்தது. ஆக்கிய நிரல் சரியாக இயங்குகிறதா என்று அறிய எழுதப்படும் நிரல்கள் தேர்வுநிரல்கள். முகவிக்குப் பொழுது கழிவது தெரியாது. விட்டால், முன்னேற்றம் ஏதுமின்றித் தேர்வுநிரல்களையே மணிக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நூற்றில் ஒன்று அல்லது பத்து என்னும் கூறளவில் தேர்வுகளை மட்டும் ஓட்டும் விரைவுமுறை அமைக்கப்பட்டது. எவ்வெத் தேர்வுகள் என்பது ஒரு முகவிக்கு என்றும் மாறாது. முகவிக்கு முகவி வேறுபடும். மாறாமையால் அது தன் பின்னடைவைத் தானே காணும். வேறுபாட்டால் பதினாறும் சேர்ந்து பெரும்பரப்பைத் துருவும். தேர்வின் விளைவோ ஓரிரு வரிகளில் மட்டும் திரையில் வரும். விரிவானது கோப்பிற் சென்று தங்கும். சூழலெல்லையைக் காக்க இதனினும் எளிய வழியில்லை.

தனித்தனிச் சிறு தேர்வுகள் நூற்றுக்கணக்கில் இருந்தவரை பணி தடையின்றி நடந்தது. ஒவ்வொரு முகவியும் தவறும் தேர்வொன்றை எடுத்துக்கொண்டது. இலினக்சு கருவகத்தைத் தொகுக்கப் புகுந்தபோதுதான் கூட்டியக்கம் நின்றுபோயிற்று. அது ஒரே பெரும்பணி. பதினாறு முகவிகளும் ஒரே வழுவில் முட்டின, ஒவ்வொன்றும் அதனைத் திருத்திற்று, ஒன்றின் திருத்தத்தை மற்றொன்று மேலெழுதி அழித்தது. பதினாறு இருந்தும் ஒன்றன் பயனே விளைந்தது. மாதிரியின் அறிவு அங்குக் குறைந்துவிடவில்லை. பகுப்பே இல்லாமற் போயிற்று.

இதற்குக் கண்ட தீர்வு பகுப்புக் கலையின் சிறந்த எடுத்துக்காட்டு. நன்கு நிலைபெற்ற குனூ நிரல்தொகுப்பியை ஒப்பளவாகக் கொண்டு, கருவகக் கோப்புகளுட் பெரும்பாலானவற்றை அதனாலும், எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த எஞ்சிய சிலவற்றைப் புதிய தொகுப்பியாலும் தொகுத்தனர். கருவகம் இயங்கினால், புதிய தொகுப்பி தொட்ட கோப்புகளில் வழுவில்லை. இயங்காவிடின், அச்சிலவற்றை மேலும் பிரித்து வழு எங்குள்ளதென நெருங்கலாம். ஒவ்வொரு முகவிக்கும் வெவ்வேறு கோப்புகள் அமைந்தமையால், வெட்டவே இயலாது என்றிருந்த பணி பதினாறாக வெட்டுண்டது. பின்னர், தனித்தனியே நன்கு இயங்கி, இரண்டு சேரும்போது மட்டும் தவறும் கோப்பிணைகளையும் இவ்வழியே பிரித்தறிந்தனர்.

குறைகளும் வெளிப்படையாகவே கூறப்பட்டன. எக்சு86 பொறி எழும்போது வேண்டப்படும் 16 நுண்மி (பிட்) நிலைக்குரிய பகுதியை இத்தொகுப்பியால் வேண்டிய அளவுக்குள் ஆக்க முடியவில்லை; அதற்குக் குனூ தொகுப்பியையே நாட வேண்டியிருந்தது. மேம்படுத்தல்கள் அனைத்தையும் நிறுத்திய குனூ தொகுப்பி ஆக்கும் நிரலினும் இது ஆக்கும் நிரல் மெதுவாகவே ஓடியது. பணியின் பிற்பகுதியில், புதிதாகச் சேர்த்த ஆற்றல்கள் முன்பு சரியாக இருந்தவற்றை அடிக்கடி கெடுக்கத் தலைப்பட்டன.

செலவும் கருதற்பாலது. ஆய்வுப் பணிக்கெனத் தான் அமைத்த தலைமைவகைக் கூட்டியக்கம், சாதாரண உரையாடலைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு சொற்கூறுகளை விழுங்கியதாக ஆந்திரோப்பிக் நிறுவனம் 2025-இல் தெரிவித்தது. ஒரு முகவி செய்யக்கூடியதைப் பத்திடம் தருவது இன்றைய கணினித் துறையில் பெருமைக்குச் செய்யும் செலவுகளுள் ஒன்றாகிவிட்டது. பணி இயல்பாகவே பிரியும்போது மட்டும் பல முகவிகள் தக்கன. பிரியாத பணிக்கு ஒன்றே நன்று.

அத்தொகுப்பி ஏன் கைகூடிற்று என்பதை ஆராய்ந்தால், முகவிகளின் ஆற்றலுக்கு நிகராக வேறொன்றும் புலப்படும். சி மொழிக்கு எழுதப்பட்ட இலக்கணம் உண்டு. பல்லாண்டுகளாக மாந்தர் எழுதிக் குவித்த தேர்வுநிரல்கள் உண்டு. 1987 முதல் வளர்ந்துவரும் குனூ தொகுப்பி ஒப்பளவாக உண்டு. முகவிகள் பொன்னை உருக்கின. உரைகல் முன்பே இருந்தது. உரைகல் இல்லாத இடத்தில் நிகழ்வது வேறு. அதற்கு நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

தமிழ்ச்சொற்களை அகரவரிசைப்படுத்தும் நிரல் ஒன்று வேண்டும் என்று இரு முகவிகளிடம் கூறுவோம்; ஒன்று நிரலை எழுதட்டும், மற்றது தேர்வுநிரலை எழுதட்டும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. அவ்வெண்களை அப்படியே ஒப்பிட்டு அடுக்கினால் பனை, பயறு, பள்ளி, பழம் என்னும் வரிசை கிடைக்கும். தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் ழ, ள, ற, ன என அவை நிற்பதால், பயறு, பழம், பள்ளி, பனை என்பதே செவ்விய வரிசை. புள்ளியெழுத்தின் நிலையும் அவ்வாறே: ஒருங்குறியில் புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னது ஆதலால், முன்னிற்க வேண்டிய மெய் பின்னே தள்ளப்படும். செவ்விய வரிசைக்குரிய நெறி ஒருங்குறிக் குழுமத்தின் மொழித்தரவுகளில் முன்பே பதிவாகியுள்ளது. அதனை நாடாமல் கையருகே உள்ள பொதுவான அடுக்குமுறையை அழைத்துவிடும் முகவி, பிழையான வரிசையையே தரும். தேர்வு எழுதும் முகவியும் அதே மாதிரியின் பிறப்பென்றால், அதே பிழையைச் செவ்விது என்று எழுதக்கூடும். இரண்டும் ஒத்துப்போகும், தேர்வுகள் அனைத்தும் வெற்றி என்று திரை காட்டும், விளைவு தவறாகவே இருக்கும். முகவிகளின் எண்ணிக்கையை இரண்டிலிருந்து இருபதாக்கினாலும் இப்பிழை தீராது. பிழையை ஒத்துக்கொள்வோரின் தொகையே பெருகும்.

ஆகவே திட்டமிடல் என்பது பணிகளை வரிசைப்படுத்துவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு பணிக்கும் முகவியின் கைக்கு எட்டாத ஒரு தேர்வைப் புறத்தே நிறுத்துவதே அதன் உயிர்ப்பகுதி. கைக்கு எட்டாத என்று கூறுவதற்கும் பொருளுண்டு: தேர்வில் வெல்லுமாறு ஏவப்பட்ட முகவி, நிரலைத் திருத்துவதற்கு மாறாகத் தேர்வையே திருத்திவிட்ட நிகழ்வுகளை ஆய்வர் பலர் கண்டுள்ளனர். தேர்வுக் கோப்புகளைப் படிக்கலாம், மாற்றலாகாது என்னும் வரம்பு இதனால்தான் இடப்படுகிறது. மாதிரிகளின் ஆற்றலோ விரைந்து வளர்ந்துள்ளது. உண்மையான மென்பொருட் களஞ்சியங்களிலிருந்து 2,294 வழுக்களைத் திரட்டி 2023-இல் ஓர் அளவைத்தொகுதி வெளியானபோது, அன்றைய மாதிரிகளுள் முதன்மையானதும் அவற்றுள் 2 விழுக்காட்டைக்கூடத் தீர்க்கவில்லை. 2025-இல், அத்தொகுதியிலிருந்து மாந்தர் சரிபார்த்துத் தெரிந்தெடுத்த 500 வழுக்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் தீர்க்கும் மாதிரிகள் வந்துவிட்டன. நிரல் எழுதும் ஆற்றல் இவ்வாறு மலிந்துவருகையில், எது சரி என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆற்றல் அருமையாகி வருகிறது.

அவ்வாற்றல் தமிழ் கற்றோரிடம் உள்ளது. நிரல்மொழி ஒன்றும் அறியாத தமிழாசிரியர் ஒருவர், ஒரு தாளில் இரு நெடுவரிசை வகுத்து, இடப்புறம் அந்த + பையன் என்றும் வலப்புறம் அந்தப் பையன் என்றும், இடப்புறம் வந்த + பையன் என்றும் வலப்புறம் வந்த பையன் என்றும், பொன் + குடம் என்பதற்கு நேரே பொற்குடம் என்றும், மரம் + கள் என்பதற்கு நேரே மரங்கள் என்றும் எழுதிச் செல்வாராயின், அது தேர்வுநிரலாக உடனே மாற்றத்தக்கது. புணர்ச்சி, அகரவரிசை, வேற்றுமை, எண்ணுப்பெயர் என ஒவ்வோர் இயலுக்கும் இத்தகைய ஆயிரம் இணைகள் எழுதப்பெற்றால், பிழைதிருத்தி, அகரமுதலி, பாடநூற் கருவி எதனை ஆக்கினும் முகவிகளுக்கு மாறா அளவுகோல் ஒன்று கிடைக்கும். இலக்கணம் கற்பிப்போரே, உங்கள் வகுப்பில் மாணவர் அடிக்கடி தவறும் இடங்களிலிருந்து தொடங்குங்கள்; விதிவிலக்குகளை முதலில் எழுதுங்கள்; எழுதியதை எவரும் எடுத்தாளும் உரிமையோடு பொதுவில் வையுங்கள்.